இருக்கைக் கணக்கு

(வடபழனியில் லுத்தரன் இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



"நீதி, சமாதானம், படைப்பின் பராமரிப்பு" என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். எனக்குப் பின்னால் பச்சை இலையும் நீல உருண்டையும் போட்டுப் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறீர்கள். படைப்பைக் காப்பாற்றச் சொல்லும் அந்த வாசகத்தைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்திருப்பதைப் பற்றி இப்போது பேச வேண்டாம். கூட்டம் முடிந்ததும் அது எங்கே போய்ச் சேரும் என்று மட்டும் யாராவது கவனித்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்று சொற்களும் ஒன்றாகச் சேர்ந்தது 1983-இல், கனடாவின் வான்கூவர் நகரில், உலகத் திருச்சபைகள் மன்றத்தின் பேரவையில். அப்போது ஐரோப்பியச் சபைகளுக்கு அணு ஆயுதப் பயம். சமாதானம்தான் முதல் வேலை என்றார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்தவர்களோ பசியும் ஒடுக்குமுறையும் தீராமல் என்ன சமாதானம் என்று கேட்டார்கள். மண்ணும் நீரும் கெட்டுப்போன பிறகு இரண்டுக்கும் இடமேது என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்த வாக்குவாதத்தில் பிறந்த கூட்டுத் தலைப்பு இது. 1990-இல் சியோலில் இதற்கென்றே ஓர் உலக மாநாடு கூடியது. ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பிடிக்க முடியாது என்பதுதான் ஏற்பாடு.

நம் சபைகளில் நடந்தது வேறு. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தோம். நீதியைப் பெரியவர்கள் தீர்மானம் எழுத வைத்துக்கொண்டார்கள். சமாதானத்தை ஆராதனையின் கடைசி ஆசீர்வாதத்துக்கு ஒதுக்கினோம். படைப்பை மட்டும் இளைஞர்களிடம் கொடுத்தோம். ஜூன் ஐந்தாம் தேதி வந்தால் மரக்கன்று, மண்வெட்டி, போட்டோ. ஆகஸ்டில் அந்தக் கன்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லை. இந்தப் பிரிவினை எப்படி வந்தது, இதை எப்படி மீறுவது என்பதுதான் இன்று என் பேச்சு.

உங்கள் வயதுக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்குக்கு மறுநாள்தான் 24 வயது நிறையவிருந்தது. அச்சுக்கூடம், 1715-இல் வெளிவந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1718-இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயம் எல்லாம் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அவர் ஜெயிலுக்குப் போன கதையை யாரும் விரிவாகச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவருடைய மனைவிக்கும் டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் கடன் தகராறு. கோட்டை அதிகாரி ஹாசியஸ் கம்பெனி ஆளின் பக்கம் சாய்வதாகப் பட்டது. சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகத் திரும்பத் திரும்பப் பேசினார். டேனிஷ் ஆலயத்தில் அதிகாரியின் முன்னாலேயே மண்டியிட்டு முறையிடச் சொல்லி அவளுக்கு யோசனையும் கொடுத்தார். அதிகாரி ஆள் விட்டு அழைத்தபோது, எழுத்தில் சம்மன் கொடுத்தால் வருகிறேன் என்றார். 1708 நவம்பரில் பிடித்து அடைத்தார்கள். நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவரை அனுப்பியது டென்மார்க் அரசன். அடைத்ததும் டேனிஷ் அதிகாரிதான். கடன் தகராறில் சிக்கிய ஒரு கைம்பெண்ணுக்காக 26 வயது போதகர் தன் சொந்தத் தரப்போடு மோதினார். தமிழ்நாட்டு லுத்தரன் சபையின் தொடக்க ஏடுகளிலேயே இது இருக்கிறது. ஆனாலும் நம் நூற்றாண்டு மலர்களில் அச்சு எந்திரத்தின் படம்தான் வருகிறது, அந்தச் சிறையறை வருவதில்லை.

இதைக் கேட்டு மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அதே தரங்கம்பாடி சபையில் சாதிக்கொரு பக்கமாக உட்காருவதைப் பொறுத்துக்கொண்டார்கள். பாய் ஒருவருக்கு, வெறுந்தரை இன்னொருவருக்கு. 1833-இல் ஆங்கிலிக்கன் சபையின் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது, உடனே நிறுத்துங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் ஆதிக்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் கொந்தளித்தார்கள். 1840-களில் ஜெர்மனியிலிருந்து லைப்சிக் மிஷன் வந்தபோது அவர்களில் கணிசமானோர் லுத்தரன் பக்கம் தாவினார்கள். காரணம் மார்ட்டின் லூத்தரின் இறையியல் பிடித்துப்போனது அல்ல. லைப்சிக் மிஷன் சாதியைச் சமுதாய வழக்கம் என்று எடுத்துக்கொண்டு கண்டிப்புக் காட்டவில்லை, அவ்வளவுதான். அந்த மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், 1849 முதல் 1853 வரை இந்தியாவில் தங்கித் தமிழ் கற்றவர். 1856-இல் திருக்குறளை ஜெர்மனில் வெளியிட்டவரும் அவரே. எல்லா உயிருக்கும் பிறப்பு ஒன்றே என்று சொல்லும் நூலை இத்தனை நேசித்தவரால், தன் சபையின் இருக்கை வரிசையை மாற்ற முடியவில்லை. அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம்மில் பலருடைய குடும்பம் இந்தச் சபைக்குள் வந்த வழியில் இந்த இருக்கைச் சண்டையும் இருக்கிறது. நீதி பற்றிப் பேச எழுந்து நிற்கும் லுத்தரன் இளைஞன் இதைத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும்.

பதில் சொல்லும் முயற்சியும் நம் வட்டாரத்திலிருந்தே வந்தது. இங்கே வடபழனியில் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறினால் கீழ்ப்பாக்கத்தில் இறங்கலாம். அங்கே குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி. 1980-களின் பிற்பகுதியில் அங்கே தலித் இறையியலுக்கென்று ஒரு துறை அமைந்தது. தலைமையேற்றவர் அரவிந்த் நிர்மல். மராத்தி தலித் குடும்பத்தில் பிறந்தவர், லுத்தரன்கூட அல்லர். ஒடுக்கப்பட்டவர்களின் வேதனையிலிருந்துதான் இந்திய இறையியல் தொடங்க வேண்டும் என்று அவர் எழுதியும் பேசியும் வந்தது உலகத்தின் பல இறையியல் கல்லூரிகளில் பாடமாயிற்று. 2009 மார்ச்சில் பாங்காக்கில் தலித்துகளின் நீதிக்கென்று உலக மாநாடு நடந்தது. கூட்டியவர்கள் உலகத் திருச்சபைகள் மன்றமும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும்.

இத்தனைக்குப் பிறகும், அட்டவணைச் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டுமே என்று 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை நிற்கிறது. 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் அதன் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்னும் அட்டவணைச் சாதி உரிமை இல்லை. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். கறுப்புத் துணி கட்டுவதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அரசிடம் உரிமை கேட்கும் அதே நாளில், நம் கல்லறைத் தோட்டத்தில் சாதி பிரிக்கும் நடுச்சுவர் இருக்கிறதா என்றும் போய்ப் பார்க்க வேண்டும். திருமணத் தகவல் பக்கத்தைப் பார்த்தாலே போதும் என்பீர்கள். அதுவும் சரிதான்.

அடுத்தது சமாதானம். இதில் நம் சபைக்கு விசித்திரமான பிறப்புச் சான்றிதழ் உண்டு. முதல் உலகப் போர் வந்தது, ஜெர்மன் மிஷனரிகள் எதிரி நாட்டுக்காரர்கள் ஆனார்கள், பிரிட்டிஷ் அரசு அவர்களை வெளியேற்றியது. ஸ்வீடன் மிஷன் பொறுப்பேற்றது. அந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் 1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை சுயாட்சி பெற்ற சபையாக உருவாயிற்று. 1921-இல் ஸ்வீடன்காரரான ஹேமன் முதல் அத்தியட்சர் ஆனார். அப்போது ஸ்வீடனின் பேராயர் நாதன் சோடர்ப்ளோம். போரிட்ட நாடுகளின் சபைகளை 1925-இல் ஸ்டாக்ஹோமில் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர். 1930-இல் நோபல் சமாதானப் பரிசு வாங்கினார்.

சோடர்ப்ளோம் பெரிய பதவியில் இருந்தவர். பதவி இல்லாத இளைஞர் ஒருவரைச் சொல்கிறேன். 1931-32-இல் பெர்லினில் சீயோன் ஆலயம் இருந்த ஏழைகள் பேட்டையில் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தார் டீட்ரிச் போன்ஹோஃபர். முரட்டுப் பையன்கள். அவர்கள் தெருவிலேயே அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். 1934 ஆகஸ்டில் டென்மார்க்கின் ஃபானோ தீவில் நடந்த மாநாட்டில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆன நிலையில், ஆயுதத்தால் பாதுகாப்புத் தேடும் வழி சமாதானத்துக்கு வழியாகாது என்று பேசினார். வயது 28. காந்தியின் ஆசிரமத்துக்கு வந்து தங்கிப் படிக்க ஆசைப்பட்டார். காந்தியும் வரச் சொல்லி எழுதினார். அதற்குள் ஜெர்மனியில் நாஜிகளுக்குத் தலைவணங்காத போதகர்களைத் தயாரிக்கும் பொறுப்பு வந்துவிட்டது, பயணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். 39 வயது.

அதே சீயோன் ஆலயத்துக்கு அரை நூற்றாண்டு கழித்துப் போங்கள். கிழக்கு ஜெர்மனி, கம்யூனிஸ்ட் ஆட்சி, நிலக்கரிப் புகை, செத்துப்போன ஆறுகள். மாசு பற்றிய புள்ளிவிவரம் அரசு ரகசியம். 1986-இல் அந்தச் சபைக் கட்டடத்தின் நிலவறையில் சில இளைஞர்கள் "சுற்றுச்சூழல் நூலகம்" ஒன்றைத் தொடங்கினார்கள். படிக்கக் கிடைக்காததைப் படிக்கக் கொடுத்தார்கள், கையச்சு எந்திரத்தில் பத்திரிகை ஓட்டினார்கள். 1987 நவம்பரில் ஒரு நள்ளிரவில் ரகசியப் போலீஸ் புகுந்து எந்திரத்தையும் ஆட்களையும் அள்ளிக்கொண்டு போயிற்று. ஆலய வாசலில் மெழுகுவத்தியோடு கூட்டம் சேர்ந்தது. சில நாளில் விட்டுவிட்டார்கள். லைப்சிக்கில், ஆம், அதே லைப்சிக்கில், நிக்கோலாய் ஆலயத்தில் 1982 முதல் திங்கள்தோறும் சமாதான ஜெபம். 1989 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து புறப்பட்ட ஊர்வலத்தில் எழுபதாயிரம் பேர். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் போயிற்று. ஆற்று நீரைப் பற்றிக் கேள்வி கேட்டவர்களும் அரசை எதிர்த்து நின்றவர்களும் ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் ஒரே ஆட்களாக இருந்தார்கள். வான்கூவரில் பேசியது அங்கே நடந்தது.

நமக்கு எழுபதாயிரம் பேர் தேவையில்லை, பக்கத்துத் தெருவிலிருந்தே சமாதானத்தைத் தொடங்கலாம். வடபழனி முருகன் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி நின்று பேசுகிறேன். சீகன்பால்கு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தவர். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-இல் பெரிய நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கே அதை வேண்டாத வேலை என்று மூடி வைத்தார்கள். 1867-இல்தான் அது அச்சேறியது, அதுவும் நம் சென்னையில். பக்கத்து வீட்டுக்காரன் எதை நம்புகிறான் என்று அவன் வாயால் கேட்டு எழுதியவரின் வழி வந்தவர்கள் நாம். கைப்பேசியில் வரும் வெறுப்புச் செய்தியை, நம் பக்கத்து ஆள் அனுப்பியது என்பதற்காகவே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுகிறோமே, அதை இந்தக் கணக்கில் எங்கே எழுதுவது?

படைப்புக்கு வருகிறேன். இதற்காகத்தானே கூப்பிட்டீர்கள்.

தரங்கம்பாடிக்காரர்கள் இதிலும் முன்னோடிகள். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-இல் மிஷன் மருத்துவராக வந்தார், செடிகொடிகளில் மூழ்கினார். அவரிடம் தொற்றிக்கொண்ட பித்து மிஷனரிகளான ராட்லருக்கும் கிறிஸ்டோஃப் ஜானுக்கும் பரவிற்று. வேப்பேரியில் 1836-இல் இறந்த ராட்லரைத் தமிழ் அகராதிக்காரராகத்தான் தெரியும். அவர் உலர்த்தி ஒட்டிய இலைகள் இன்றும் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கின்றன. ஜான் போதகர் சேகரித்த மீன்களைப் பெர்லினில் ப்ளாக் என்ற அறிஞர் ஆராய்ந்தார். கத்தாளை மீன் வகையொன்றின் அறிவியல் பெயர் "ஜானியஸ்". காசிமேட்டில் கூறு கட்டி விற்கும்போது ஒரு லுத்தரன் போதகரின் பெயர் விற்பனைக்கு வருகிறது! மண்ணுளிப்பாம்பின் அறிவியல் பெயரிலும் இவரே இருக்கிறார். இரண்டு தலைப் பாம்பு, அதிர்ஷ்டம் தரும் என்று லட்சக்கணக்கில் விலை பேசிக் கடத்துகிறார்களே, அதே அப்பாவிப் பாம்பு. வனவிலங்குச் சட்டம் பாதுகாத்தும் பிடிப்பது நிற்கவில்லை.

ஆனால் இலையை ஒட்டி வைக்கிற காலம் போயிற்று. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போங்கள். இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையின் பழைய ஊழியக் களம். பெதஸ்தா மருத்துவமனை இருக்கிற ஊர். ஊர் நடுவே பாலாறு, ஆற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்துக்கே தூணான தீர்ப்பு. ஆறு மட்டும் இன்னும் சரியாகவில்லை; 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அதே ஆற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

இடையில் 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவைச் சுத்திகரிக்கும் பொது நிலையம். ஆற்றைக் காப்பாற்றத்தான் அந்த நிலையம். நள்ளிரவு தாண்டி அங்கே கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அநேகமாக எல்லாரும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தங்க இடமில்லாததால் வேலை செய்த இடத்திலேயே படுத்தவர்கள். இந்தப் பத்துப் பேரை எந்தக் கமிட்டியிடம் ஒப்படைப்பீர்கள்? படைப்பு பராமரிப்புக் குழுவிடமா, சமூக நீதிக் குழுவிடமா?

சென்னைக்கு வந்தால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நம் தெருக்களில் முழங்கால் தண்ணீர் என்று புலம்பினோம். எண்ணூர்க் கழிமுகத்தில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. மீனவர்கள் வெறுங்கையால் அதை வாளியில் அள்ளினார்கள். அங்குள்ள அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிவது அதற்கும் பல ஆண்டு பழைய கதை. நம் ஆலயங்களில் புதிதாக ஏ.சி. போட்டிருக்கிறோம். அதற்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த நிலக்கரியில் பிறக்கிறது. இந்தப் பகுதியின் மழைநீர் விருகம்பாக்கம் கால்வாய் வழியாக அரும்பாக்கம், சூளைமேடு தாண்டிக் கூவத்தில் விழ வேண்டும். அந்தக் கால்வாய் ஓரத்தில் குடிசை போட்டிருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்கிறோம். தி.நகரோ 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து அரசே கட்டிய நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று பெயர்ப்பலகை மட்டும் மிச்சம். ஏரிக்குள் வீடு கட்டியவருக்குப் பட்டா, ஓடை ஓரத்தில் இருப்பவருக்கு வெளியேற்ற நோட்டீஸ்.

உலக அளவில் உங்கள் வயதுக்காரர்கள் சும்மா இல்லை. 2010-இல் ஸ்டுட்கார்ட்டில் நடந்த லுத்தரன் உலகக் கூட்டமைப்பின் பேரவையில், 2050-க்குள் சபைகள் கரியமிலக் கணக்கைச் சமன் செய்ய வேண்டும் என்ற தீர்மானத்தை நெருக்கிக் கொண்டுவந்தவர்கள் இளைஞர் பிரதிநிதிகள். 2013 நவம்பரில் வார்சாவில் ஐ.நா. காலநிலை மாநாடு. பிலிப்பைன்ஸைப் புயல் சூறையாடிய வாரம். அந்நாட்டுப் பிரதிநிதி யெப் சான்யோ மாநாட்டு மேடையிலேயே உபவாசம் அறிவித்தார். லுத்தரன் இளைஞர்கள் கூடச் சேர்ந்தார்கள், பிறகு மாதம்தோறும் முதல் தேதி உபவாசம் என்று அது உலகெங்கும் பரவிற்று. 2017-இல் விண்ட்ஹுக் பேரவை மீட்பும் மனிதரும் படைப்பும் விற்பனைக்கு அல்ல என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னது.

அங்கே அது எப்படி முடிந்தது? அங்கே இளைஞருக்கு இருக்கை இருந்தது. 1984-இல் புடாபெஸ்ட் பேரவைக்குப் பிறகு, முடிவெடுக்கும் இடங்களில் 20 விழுக்காடு இளைஞர்கள், 40 விழுக்காடு பெண்கள் என்று கூட்டமைப்பு கொள்கை வைத்திருக்கிறது. இளைஞர் என்றால் முப்பதுக்குள். நம் ஊரில் நாற்பத்தைந்து வயதில் இளைஞர் சங்கத் தலைவராக இருப்பவர்களை எனக்குத் தெரியும்; பெயர் சொல்லமாட்டேன், முன்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள்.

ஆகவே நான் உங்களுக்கு மரக்கன்று பரிந்துரைக்கவில்லை. முதலில் உங்கள் சபைக் கமிட்டியில் எத்தனை பேர் முப்பதுக்குக் கீழே என்று எண்ணுங்கள். ஐந்தில் ஒருவர் இல்லையென்றால் அடுத்த தேர்தலுக்கு நில்லுங்கள். பாட்டுக்குழுவுக்கோ மேடை அலங்காரத்துக்கோ அல்ல, கணக்குக் குழுவுக்கும் சொத்துக் குழுவுக்கும். உள்ளே போனதும் மூன்று தாள்களை வாங்கிப் பாருங்கள். ஒன்று, ஆலயத்தின் மின்கட்டண ரசீது. இன்னொன்று, வளாகத்தின் வரைபடம். 2003-இல் மழைநீர்க் குழி கட்டாயம் என்று அரசு சொன்னபோது தோண்டிய குழி இப்போது எந்த கார் நிறுத்தத்தின் கீழே கிடக்கிறது என்று அதில் தெரியும். மூன்றாவது சம்பளப் பட்டியல். கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை அள்ளுகிறவர், கழிப்பறை கழுவுகிறவர், கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் கூப்பிடும் ஆள், இவர்கள் பெயர் அதில் இருக்கிறதா, இல்லை "இதர செலவு" என்ற வரிக்குள் இருக்கிறார்களா? பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். உங்கள் வளாகத்தில் கடைசியாக அதைச் சுத்தம் செய்தது லாரியா, மனிதனா என்று கேளுங்கள். கேட்டால் மூப்பர்களுக்குக் கோபம் வரும். சீகன்பால்கு போல எழுத்தில் பதில் கேளுங்கள்.

அக்டோபர் பிறக்குமுன் ஒரு சனிக்கிழமை காலை விருகம்பாக்கம் கால்வாயோரம் கூவம் வரை நடந்து வாருங்கள். குப்பை பொறுக்கும் கையுறையோடு போகாதீர்கள், நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். கரையில் குடியிருக்கிறவர்களிடம் 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது, யார் வந்து பார்த்தார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். அந்த நோட்டை மாநகராட்சி வார்டு உறுப்பினரிடம் கொண்டுபோகும்போது போதகர் ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வருவதாக இப்போதே தலையசைக்கிறார்.

கேள்விகளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மைக்கைப் பின்வரிசைக்கு அனுப்புங்கள். முதல் ஐந்து கேள்வி முப்பதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு. அதற்குப் பிறகு நேரமிருந்தால் மூப்பர்கள்.